மடித்தவர்: மோனிஷா

மார்ச் 3, திங்கள்

ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்குப் பக்தி வருகிறது. எனக்கு டைரி வந்திருக்கிறது.

வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். டாக்டர்-நோயாளி, மாமியார்-மருமகள், மன்னர்-அமைச்சர். பத்திரிகைகள் மெலிந்து மெலிந்து கடைசியில் துணுக்குப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். மன்னரும் அமைச்சரும் வேலையில்லாமல் என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். "எங்கயாச்சும் கொண்டுபோய்க் கொட்டு கஸ்தூரி, ரசத்துல உப்பு இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். கொட்டுகிறேன்.

பகலில் நான் மறுகரை சலவையகத்தின் மேலாளர். சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து இது காரியம் செய்கிற இடம் என்று நினைத்துச் செம்பும் எள்ளுமாக ஒருவர் வந்து நின்றிருக்கிறார். உண்மையில் அறக்கட்டளை நடத்தும் லாண்டரி. காப்பகத்தில் வளர்ந்து வெளியே வந்தவர்கள், படிப்பு நின்றவர்கள், வேலை கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் என்று இருபது பிள்ளைகள். கல்யாண மண்டபத்துத் துணி, ஆஸ்பத்திரித் துணி, வசதியான வீட்டுத் துணி எல்லாம் வரும். ஒரு வருடம் துவைத்து, தேய்த்து, மடித்து வேலை ஒழுங்கு பழகுவார்கள். பிறகு வெளியே நல்ல வேலையில் சேர்த்துவிட வேண்டும். அதுதான் எங்கள் தர்மம். போர்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இன்று நிறுவனர் நரேன் சார் புது யோசனையோடு வந்தார். வெளிநாட்டில் காபிப் பாக்கெட்டில் விவசாயி முகம் போட்டிருந்ததாம். குடித்தாராம், கலங்கிவிட்டாராம். இனி நாம் மடித்து அனுப்பும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கார்டு. 'மடித்தவர்: இன்னார்' என்று போட்டோ, கீழே அவர்கள் கடந்து வந்த கதை, ஆறே வரி.

"எழுத நம்மகிட்டதான் ஆள் இருக்கே" என்று என்னைப் பார்த்தார். நான் வெட்கப்பட்டேன். பிறந்தவீட்டுச் சீர்போல இருந்தது.

மார்ச் 5, புதன்

முதல் கார்டு மோனிஷாவுக்கு. எங்களிடம் இருப்பதிலேயே கை சுத்தம் அவளுக்குத்தான். பெட்ஷீட்டைத் தனியாளாக உதறி மடிப்பாள். நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். நான் மடித்தால் பெட்ஷீட் பிரசவித்ததுபோல் இருக்கும்.

நான் எழுதியது: 'மோனிஷா, 21. பத்தாவது வரை படித்தவர். காப்பகத்தில் வளர்ந்தவர். நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் மூடியதால் ஒரு வருடம் வேலையின்றி இருந்தார்.'

நரேன் சார் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"எல்லாம் சரி மேடம். இதுல வலி இல்லையே."

"மில்லு மூடினது வலிதானே சார்?"

"அது மில்லோட வலி."

மத்தியானம் மோனிஷா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, சின்ன வயசுல தப்புத்தண்டா ஏதாச்சும்?"

"என்ன தப்பு மிஸ்?"

"சும்மா. அடிதடி, பொய், திருட்டு..."

யோசித்தாள். "ஒருக்கா காப்பகத்து வாட்ச்மேன் அண்ணன் பையிலேர்ந்து முறுக்கு எடுத்தேன் மிஸ். எட்டு வயசு இருக்கும். நிவேதா பசின்னு அழுதா." நிவேதா இவள் தங்கை, இன்னும் அதே காப்பகத்தில்தான் இருக்கிறாள். "அப்புறம் நானே போய்ச் சொல்லிட்டேன். அந்த அண்ணன் மீதி முறுக்கையும் குடுத்துட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருடத் துணுக்கு அனுபவம். எது வேண்டும், எதைக் கழிக்கவேண்டும் என்று கைக்குத் தெரியும். வாட்ச்மேனைக் கழித்தேன், முறுக்கைக் கழித்தேன், வயதைக் கழித்தேன்.

'ஒரு காலத்தில் பிறர் பைக்குள் நுழைந்த விரல்கள் இவை. இன்று உங்கள் சட்டையை மடிக்கின்றன.'

நரேன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதற்குமேல் பாராட்டு உண்டா?

மோனிஷாவிடம் காட்டி ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன். வாசித்தாள். "மிஸ், இது..." என்றாள். "அது ஒரு எழுத்து பாணி கண்ணு. பைன்னுதானே போட்டிருக்கேன்? பை பொய்யா?" என்றேன். அவளுக்கும் பிடித்திருந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நீராவி நடுவில் சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஊரே என் வாசகர்கள். பத்திரிகையில் எழுதியபோது என் நாத்தனார்கூடப் படித்ததில்லை. இப்போது வேட்டியை உதறினால் நான் விழுகிறேன். துணி வரத்து பெருகிவிட்டது. சிலர் சுத்தமான துணியைக்கூட அனுப்புகிறார்களோ என்று சந்தேகம்.

ஐந்து ரோட்டு வக்கீல் வீட்டம்மா போன் செய்தார். "ஏங்க கஸ்தூரி, அந்தப் பொண்ணா எங்க வீட்டுப் பட்டுப்புடவைய மடிச்சது? அழுதே போயிட்டேங்க."

"சந்தோஷம்ங்கம்மா."

"புடவைய எண்ணிப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்குதுங்க."

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்காரர் எனக்கும் ஒரு கார்டு எழுதிக்கொடுத்தார்: 'சமைத்தவர்: கஸ்தூரி. ஒரு காலத்தில் நன்றாகச் சமைத்தவர்.' இரண்டு வேளை பேசவில்லை. அவருக்கு அது ஓய்வாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

மோனிஷாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! பைபாஸில் புதிதாகக் கட்டியிருக்கும் ஹோட்டல் பவளக்கொடியில், அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. பி.எஃப். உண்டு, சீருடை உண்டு. இன்டர்வியூவில் ஒரு கட்டிலைக் காட்டி விரிக்கச் சொன்னார்களாம். விரித்ததைப் பார்த்து மேலதிகாரி பெஞ்சமின் சார் மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். மே முதல் தேதி சேரவேண்டும்.

எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வந்தாள். எனக்கு மட்டும் இரண்டு. காரம் கண்ணில் ஏறிவிட்டது.

"மிஸ், குகை ஏரியாவுல ஒரு வீடு பாத்துட்டேன். ஒரே ரூம்தான். வேலை ஆர்டர காட்டுனா குடுக்கறேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

"அதென்ன இவ்ளோ அவசரம்?"

"ஜூன் இருபதுக்கு நிவேதாவுக்குப் பதினெட்டு முடியுது. அதுக்கப்புறம் காப்பகத்துல வெச்சிக்க மாட்டாங்க. நான் வெளிய வந்தப்ப பத்து நாள் பஸ் ஸ்டாண்டு லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல படுத்திருந்தேன் மிஸ். அவளால அதெல்லாம் முடியாது. பல்லி பாத்தாலே கத்துவா."

எங்கள் கணக்கில் இது ஒரு வெற்றி. நரேன் சார் மணியடித்தார். யாருக்காவது வேலை கிடைத்தால் வாசலில் தொங்கும் பித்தளை மணியை அடிப்பது வழக்கம். பக்கத்து ஒர்க்ஷாப்காரர் வழக்கம்போல் பூசை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நரேன் சார் லேசுப்பட்டவர் இல்லை. பெண் கொடுத்த வீட்டிலேயே வியாபாரமும் பேசிவிட்டார். பவளக்கொடி ஹோட்டல் தன் துணிகளை ஒரு வாரம் எங்களுக்கு அனுப்பிப் பார்க்கப்போகிறது. பிடித்தால் மொத்தமும் நமக்கே.

"இந்த லோட அப்படியே மோனிஷாகிட்ட குடுங்க மேடம். நம்ம பெஸ்ட் கை."

அவள் அவ்வளவையும் தானே தேய்த்தாள். "நாளைக்கு நான் விரிக்கப்போற பெட்ஷீட் மிஸ்" என்று சொல்லிச் சொல்லி மடித்தாள். மூட்டை கட்டி வண்டியேற்றினோம். ஒழுங்காகத்தான் செய்தோம். ஒவ்வொரு மூட்டையிலும் கார்டு வைத்தோம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஹோட்டலில் இருந்து போன். மோனிஷாவை மே முதல் தேதி வரவேண்டாம் என்கிறார்கள். துணி பிரமாதமாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

மோனிஷா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்ல நிறைய வைத்திருந்தேன்.

"மிஸ், ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அது நீங்க சும்மா எழுதினதுன்னு. முறுக்குன்னு கூடப் போடுங்க, பரவாயில்ல. நான் கொண்டுபோய்க் காட்டிக்கறேன்."

"பாக்கறேன் கண்ணு."

"எழுதறது உங்களுக்கு ரெண்டு நிமிசம் மிஸ்."

நரேன் சாரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார். எப்போதும் கதவு திறந்தே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

"மேடம், அது பொய்யின்னு எழுதிக் குடுத்தா, மத்த பத்தொன்பது கார்டு?"

மத்த பத்தொன்பதையும் நினைத்துப் பார்த்தேன். பாக்கியராஜின் கார்டில் கஞ்சா இருக்கிறது. அவன் பிடித்தது பீடி.

"ஜூன்ல நன்கொடை கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்க காசு நின்னா இருபது பேரும் தெருவுல. ஒருத்திக்காக இருபது பேர நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

இருபது பேரில் நானும் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மேலாளர் அந்த இருபதில் வரமாட்டாள். ஆனால் தெரு எல்லோருக்கும் பொது. வீட்டுக்காரர் விருப்ப ஓய்வு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அவர் விருப்பம்தான், என் ஓய்வு இல்லை.

"எழுத்துல வேண்டாம். நேர்ல போய்ப் பேசுங்க. உங்க வாய்க்கு யார் மசிய மாட்டாங்க?" என்றார். அது நியாயமாகப் பட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். பெஞ்சமின் சார் தங்கமான மனிதர். காபி வரவழைத்தார். மேசைமேல் அந்தக் கார்டு இருந்தது. மோனிஷா போட்டோவில் லேசாகச் சிரிக்கிறாள். போட்டோ எடுத்தபோது கதை இன்னும் எழுதியிருக்கவில்லை.

"பொண்ணு வேலைல தப்பே சொல்ல முடியாது மேடம். ஆனா ரூம் சாவி அவ கையில இருக்கும். நாளைக்கு ஒரு கெஸ்ட்டோட மோதிரம் காணோம்னு வெச்சுக்குங்க. எவன் எடுத்திருந்தாலும் முதல்ல யாரைக் கேப்பாங்க?"

"புரியுதுங்க சார்."

"அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல போட்டிருக்கறது உண்மைதானா? இல்லேன்னு நீங்க வாயால சொன்னாப் போதும். நாளைக்கே வரச் சொல்றேன்."

காபி சூடாக இருந்தது. ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன்: "அதெல்லாம் பழசு சார். இப்ப சுத்தமாத் திருந்திட்டா. நான் ஜாமீன்."

நன்றாகத்தான் பேசினேன். ஒருவரைத் தூக்கிவிட வேண்டுமென்றால் எங்கள் இடத்தில் நாங்கள் பேசும் பேச்சு இதுதான். நாக்கு தானாக அந்தத் தடத்தில் போய்விட்டது. ஜாமீன் என்றேன். என் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட நான் ஜாமீன் நின்றதில்லை.

பெஞ்சமின் சார் கார்டைக் கவிழ்த்து வைத்தார். "நேர்மையா ஒத்துக்கிட்டீங்க. சந்தோஷம்" என்றார். "துணிய இனிமே உங்களுக்கே அனுப்பறோம் மேடம். நல்ல காரியம் பண்றீங்க."

லாண்டரிக்குத் திரும்பியதும் மோனிஷா ஓடி வந்தாள்.

"என்ன மிஸ் சொன்னீங்க?"

"நீ திருந்திட்டேன்னு அடிச்சுச் சொல்லிட்டேன் கண்ணு. ஜாமீன்னே சொன்னேன்."

"எதுலேர்ந்து மிஸ்?"

அதற்குள் டிரையர் மணி அடித்துவிட்டது. போகவேண்டியிருந்தது.

மே 12, திங்கள்

வெயில். ஸ்டீம் பிரஸ் பக்கத்தில் நின்றால் நாமே இட்லி.

மோனிஷா வேறு இடங்களில் வேலை கேட்கிறாள். ஜவுளிக்கடையில் கேட்டாள், ஆஸ்பத்திரியில் கேட்டாள், ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டாள். "நீ அந்தக் கார்டுப் பொண்ணுதானே? படிச்சு அழுதுட்டோம்மா" என்று எல்லா இடத்திலும் டீ கொடுக்கிறார்களாம். எல்லோர் துணியும் எங்களிடம்தான் வருகிறது. வியாபாரம் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

அந்தக் கார்டை நிறுத்திவிடலாமா என்று நரேன் சாரிடம் கேட்டேன். இதை இங்கே குறித்து வைக்கிறேன். கேட்டேன் என்பது தெரியவேண்டும். "நம்ம ஹிட் கார்டு மேடம்" என்றார்.

மே 27, செவ்வாய்

குகை வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். மோனிஷா சொல்லவில்லை. அவள் பாக்கியராஜிடம் சொன்னதை நான் கஞ்சித் தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அங்கே எனக்கு வேலை இருந்தது.

இப்போதெல்லாம் நான் பக்கத்தில் போனால் அவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்க்கிறாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் "சாப்ட்டேன் மிஸ்." அவ்வளவுதான். என் ஜோக்குக்கு மட்டும் தவறாமல் சிரிக்கிறாள். முன்பு தேர்ந்தெடுத்துத்தான் சிரிப்பாள்.

ஜூன் 6, வெள்ளி

நன்கொடை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சந்தனம், குங்குமம், சால்வை. சால்வைகளை நேற்றுதான் நாங்கள் துவைத்தோம். போன விழாவில் போர்த்தியவை.

நரேன் சார் மோனிஷாவைப் பேசச் சொன்னார். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என் விரலப் பாருங்க" என்று கையைத் தூக்கினாள். "இது மொதல்ல நுழைஞ்சது ஒரு கர்ப்பிணி அக்காவோட பையில."

நான் எழுதாத கர்ப்பிணி அது. பழைய பஸ் ஸ்டாண்டாம், மழையாம். பையில் பிரசவத்துக்கு வைத்திருந்த பணமாம். எடுத்துக்கொண்டு ஓடும்போது அந்த அக்கா திட்டவில்லையாம். "பாத்துப் போ பாப்பா, வழுக்கும்" என்றாளாம். அந்த இடத்தில் நிறுத்தினாள்.

எங்கே நிறுத்தினால் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத் தொழில். அவள் என்னைவிட ஒரு மூச்சு கூடுதலாக நிறுத்தினாள். முன் வரிசையில் விசும்பல் கேட்டது. கம்பெனியின் பெரிய மேடம் மேடையேறி அவளைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்வதற்கு முன் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். தானாக நடந்தது, அவருக்கே தெரிந்திருக்காது.

மோனிஷா பார்த்தாள். நானும் பார்த்தேன். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அங்கேயே அறிவித்தார்கள்: பயிற்சியில் இருக்கும் பெண்கள் தங்க மாடியில் விடுதி. உடனே திறக்கிறார்கள். நரேன் சாருக்குக் கால் தரையில் இல்லை. "மோனிஷா இனி வெளிய எதுக்குப் போகணும்? அவதான் நம்ம முகம்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

விடுதியில் எட்டுக் கட்டில்கள், பன்னிரண்டு விண்ணப்பங்கள். மோனிஷா தங்கைக்காகக் கேட்டிருக்கிறாள், பயிற்சிக்கும் சேர்த்து. நரேன் சார் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல பொண்ணு. பிளஸ் டூல நல்ல மார்க்கு. ஆனா அவளுக்கு ஒண்ணுமே நடக்கலியே மேடம்? கம்பெனிக்கு என்னன்னு எழுதறது?"

"அப்பா அம்மா இல்ல சார். காப்பகத்துல வளர்ந்திருக்கா. நாளன்னைக்கு மறுநாள் வெளிய அனுப்பறாங்க."

"காப்பகம் நம்மகிட்ட ஏற்கனவே நெறைய இருக்கு."

ஜூன் 19, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மோனிஷா தங்கையைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நிவேதா ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரி, துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் சாடை, அந்த போட்டோவில் இருக்கிற சாடை.

"இவளுக்கு ஒண்ணு எழுதுங்க மிஸ்."

"என்ன கண்ணு?"

"கார்டு. நாளைக்குள்ள வேணும். நாளைக்கு இவ வெளிய வந்துருவா."

நான் பேனாவைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

"திருட்டு வேண்டாம்" என்றாள் மோனிஷா. மளிகைக்கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். "ஒரே வீட்டுல ரெண்டு திருடின்னா நம்ப மாட்டாங்க. ஓடிப்போனான்னும் வேண்டாம், நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. வேற என்ன இருக்குது மிஸ் உங்ககிட்ட?"

"நான் எதுவும் பண்ணலையேக்கா" என்றது அந்தப் பெண்.

"நானுந்தான் பண்ணல. பேசாம நில்லு."

"கண்ணு, நாளைக்கு இவ வெளிய வேலைக்குப் போகணும்ல? நான் ஒண்ணு எழுதப்போய்..."

மோனிஷா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை நீராவி இல்லை, நன்றாகத் தெரிந்தது.

"வெளிய போற மாதிரி எழுத வேண்டாம் மிஸ். இங்கயே இருக்கற மாதிரி எழுதுங்க."

ஜூன் 20, வெள்ளி

நிவேதாவுக்கு இன்று பதினெட்டு. கட்டில் கிடைத்துவிட்டது, ஜன்னல் ஓரமாக. நரேன் சார் கார்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

என்ன எழுதினேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.